விட்டதைப் பிடிப்பது

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் நெல்லைச் சீமையில் சீட்டு மேசை போட்ட இடத்திலெல்லாம், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: ‘விட்டதைப் பிடிச்சிரலாம்.’ விட்ட பணம் வரப்பில் ஓடும் கோழியைப்போல அருகிலேயே திரிகிறது, கொஞ்சம் எட்டிக் கையை நீட்டினால் அகப்பட்டுவிடும் என்பதுபோல அந்தச் சொல் ஒலிக்கிறது. உண்மையில் அந்தப் பணம் எதிரே உட்கார்ந்திருப்பவருடைய பணமாகி, அவர் முன்னால் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. நம்முடையது என்று அதில் ஒரு பைசாவும் கிடையாது. இந்த வேறுபாட்டை நான் அறுபது வயதுக்கு மேல்தான், அதுவும் காசு கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முப்பத்தோர் ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டையில் நண்பர்களோடு ரம்மி ஆடுவது வழக்கம். சென்ற தை மாதம் நண்பர் ஒருவருடன் ஜாம்நகர் விரைவு ரயிலேறி, கோவாவின் மட்காவ் நிலையத்தில் இறங்கி, பணஜியில் மண்டோவி ஆற்றில் நிற்கும் சூதாட்டக் கப்பல் ஒன்றில் போக்கர் என்னும் சீட்டாட்ட மேசையில் உட்கார்ந்தேன். தமிழ்நாட்டில் இல்லாத இந்த ஏற்பாட்டுக்குக் கோவாவில் சட்டத்தின் அனுமதி உண்டு. 20,000 ரூபாய் கட்டினேன். வண்ண வண்ண வில்லைகளாகக் கொடுத்தார்கள். அதற்குச் சிப்ஸ் என்று பெயர். நேந்திரங்காய் நினைவில் நான் சிரித்துவிட்டேன். மேசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டம் எளிதுதான். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். நடுவில் ஐந்து பொதுச் சீட்டுகள், முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், அல்லது கையைப் போட்டுவிடலாம், அதாவது சீட்டைக் கவிழ்த்து அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிடலாம். ரம்மியில் முதலிலேயே ஸ்கூட் அடித்து விலகினால் இருபது புள்ளி இழப்போடு தப்பித்து, எண்பது புள்ளி ஃபுல் என்னும் முழு இழப்பைத் தவிர்க்கிறோம் அல்லவா, அதே அறிவுதான் இங்கும் வேண்டும். நடுவில் குவியும் பணத்திலிருந்து நடத்துகிறவர்கள் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள். ஆகவே மேசையில் இருக்கும் ஒன்பது பேரும் சமமான திறமைசாலிகளாக இருந்தால், காலப்போக்கில் ஒன்பது பேரும் இழப்பார்கள்.

மூன்றாம் மணி நேரத்தில் எனக்கு ராஜா ஜோடி, அதாவது இரண்டு ராஜா, வந்தது. 52 சீட்டில் இரண்டு சீட்டு 1,326 விதமாக அமையலாம். அவற்றில் ராஜா ஜோடி ஆறே விதம், அதாவது 221 கைக்கு ஒரு முறை. நேரடி மேசையில் மணிக்கு இருபத்தைந்து, முப்பது கைதான் ஓடும் என்பதால், எட்டு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தவனுக்கு ஓரிரவில் ஒரு தடவை வாய்க்கக்கூடிய கை அது. இருந்த வில்லைகள் முழுவதையும் தள்ளினேன். எதிரே இருந்த இளைஞர் ஏற்றுக்கொண்டு தம் சீட்டைத் திருப்பினார்: இரண்டு எட்டு. அந்த நிலையில் ஐந்துக்கு நான்கு தடவை நான்தான் ஜெயிக்க வேண்டும். முதல் மூன்று பொதுச் சீட்டில் ஆர்ட்டின் எட்டு வந்தது; ஜோடியை வெல்லும் மூன்று எட்டு அவருக்கு அமைந்துவிட்டது. மீதி இரண்டு சீட்டில் ராஜா வரவில்லை. 20,000 போயிற்று.

இதில் என் தவறு எதுவும் இல்லை என்று இன்றும் சொல்வேன். அதே கை நாளை வந்தாலும் அப்படியே தள்ளுவேன். தவறு அடுத்த கையில் நடந்தது.

மறுபடியும் 20,000 கட்டி உட்கார்ந்தேன். முதல் சீட்டு ஏஸ். இரண்டாவது சீட்டின் மூலையை நான் தூக்கிப் பார்ப்பதற்கு முன்பே என் வலது கை வில்லையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது ஏழு, வேறு இனம். முதல் இரண்டு மணி நேரத்தில் இதே போன்ற ஏஸும் சின்னச் சீட்டுமாக நான்கு தடவை வந்தும், நான்கு தடவையும் யோசிக்காமல் போட்டிருந்தேன். இப்போது போடவில்லை. நடுவில் ஒரு ஏஸும் விழுந்தது. அதுதான் கேடாக முடிந்தது. எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருந்தன; ஏஸ் ஜோடி இருவருக்கும் உண்டு, துணைச் சீட்டில் அவருடைய ராஜா பெரியது. கடைசிச் சீட்டு வரை காசு கட்டிக்கொண்டே போய், 11,000 ரூபாய் இழந்தேன். தொகையில் சிறியது இது; ஆனால் முதல் இழப்பு சீட்டு செய்தது, இரண்டாவது நான் செய்தது.

இந்தக் குணத்தை அறிஞர்கள் அளந்திருக்கிறார்கள். டேனியல் கானமனும் அமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி கேட்டார்கள்: நிச்சயமாக 3,000 இழப்பீர்களா, அல்லது நூற்றுக்கு 80 வாய்ப்பில் 4,000 இழக்கவும் மீதி 20 வாய்ப்பில் ஒன்றும் இழக்காமல் தப்பிக்கவும் துணிவீர்களா? இரண்டாவதன் சராசரி இழப்பு 3,200, அதாவது அதிகம். இருந்தும் நூற்றுக்கு 92 பேர் இரண்டாவதையே எடுத்தார்கள். இதே தொகைகளை லாபமாக மாற்றிக் கேட்டபோது, 80 பேர் நிச்சயமான 3,000 போதும் என்று அடங்கிவிட்டார்கள். ஏஸும் ஏழுமாக உட்கார்ந்திருந்த நான் அந்த 92 பேரில் ஒருவன்.

தோற்கிறோம் என்றால் எழுந்துவிட வேண்டியதுதானே என்று வீட்டில் கேட்டார்கள். அதை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஓர் இரவு என்பது கணக்கு முடிக்கிற காலம் அன்று. தாமிரபரணிப் பாசனத்தில் பயிர் வைத்த என் தகப்பனார், கார் போகம் கெட்டுப்போனது என்பதற்காக அடுத்து வரும் பிசானப் போகத்தில் வயலைத் தரிசாகப் போட்டதில்லை. இழந்ததை ஈடுகட்ட வேண்டும் என்று இரட்டிப்பு விதை தெளித்ததும் இல்லை. எப்போதும் விதைக்கிற அளவைத்தான் விதைத்தார். மேசையிலும் கேள்வி அதுதான்: முதல் மணி நேரத்தில் போட்டிருக்கக்கூடிய கையை இப்போதும் போடுகிறேனா? ஆம் என்றால், கொண்டுவந்த பணத்தின் எல்லைக்குள் உட்காரலாம். இல்லை என்றால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவது நல்லது. இன்னொன்றும் உண்டு. தோற்கிறவனை மேசை முழுவதும் கவனித்துக்கொண்டிருக்கும். நல்ல சீட்டில்லாத வெறுங்கையை வைத்துக்கொண்டு, பெரிய தொகை கட்டி அவன் மிரட்டினால் யாரும் பயப்பட மாட்டார்கள். ஜெயிக்கிறவனுக்குப் பலிக்கிற தந்திரம் அவனுக்குப் பலிப்பதில்லை.

காசாளர் வேலையில் எனக்கு ஒரு பழக்கம் படிந்திருந்தது. மாலையில் ரொக்கம் கணக்கோடு பொருந்தாமல் இடித்தால், நோட்டுக் கட்டை வேகமாக எண்ண மாட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து, மெதுவாக எண்ணுவேன். பதறி எண்ணினால் இல்லாத குறைவும் சேர்ந்துகொள்ளும். நேரடி மேசையில் இதற்கு இடம் உண்டு. எழுந்து போனால் நாற்காலியைக் கொஞ்ச நேரம் காத்து வைப்பார்கள். கைப்பேசியில் ஆடியபோது அந்த அவகாசம் இருந்ததில்லை. ஒரு கை முடியும் முன்னே அடுத்தது வந்து நிற்கும். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தபோது, என் வயதுக்காரர்கள் சிலர் உள்ளூர நிம்மதி அடைந்ததை நான் அறிவேன்.

அன்று நான் மேல்தளத்துக்குப் போய் இருபது நிமிடம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆடினேன். பெரும்பாலும் கையைப் போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டாயிரம் மட்டும் திரும்பி வந்தது. மொத்தத்தில் 29,000 ரூபாய் இழப்போடு விடியற்காலையில் கரையேறினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ரம்மி மேசையில் மூத்தவரான எங்கள் அண்ணாச்சி, சீட்டைக் கலைத்துக்கொண்டே கேட்டார்: “என்ன தம்பி, கோவாவுல சீட்டு வரலியோ?”

“சீட்டு நல்லாத்தான் வந்துது அண்ணாச்சி” என்றேன். அவர் என்னை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வெட்டுவதற்குக் கட்டை என் பக்கம் நகர்த்தினார்.