குளத்தைக் கட்டுவது யார், சாவி யார் கையில்?

நெல்லைச் சீமை நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊருக்குப் பொதுவாக ஒரு நீச்சல் குளம் வேண்டும் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. பேச்சு வந்ததுமே, 'அரசாங்கம் கட்டட்டும்' என்று ஒரு கூட்டமும், 'தனியாரிடம் விடுங்கள், அவர்கள்தான் ஒழுங்காக நடத்துவார்கள்' என்று இன்னொரு கூட்டமும் பிரிந்துவிடும். இது குறித்து எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

தாமிரபரணி ஓடுகிற சீமையில் நீச்சல் குளம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். என் வயதுக்காரர்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் பழகினோம். இடுப்பில் கயிறு கட்டி மாமா மேலே நின்று பிடித்துக்கொள்வார். அந்தக் கிணறுகள் பலவும் இன்று தூர்ந்து கிடக்கின்றன. போர் போட்ட தோட்டத்தில் பிள்ளை எங்கே நீந்தும்? ஆற்றிலோ மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. நகரத்தைத் தாண்டும் இடங்களில் சாக்கடை கலக்கிறது. வள்ளியூர், ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுகிற ஆறு கிடையாது. அவர்கள்தான் விடுமுறையில் பாபநாசத்துக்கு வந்து, நீச்சல் தெரியாமல் தண்ணீரில் இறங்குகிறார்கள். 2022ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 38,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. ஆறு வயதைத் தாண்டிய பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்றுத்தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே நீச்சலை வெறும் விளையாட்டாக நான் பார்க்கவில்லை. தடுப்பூசி போடுகிற மாதிரி எல்லாப் பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டிய ஒன்று அது.

சரி, பணத்துக்கு வருவோம். குளம் கட்டப் பணம் கிடைக்காது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தால் மீதியை அரசு போடும். 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. இதற்கெல்லாம் மேலே, நம் ஊரில் கொடுக்கிற கை எப்போதும் இருந்திருக்கிறது. கொக்கிரகுளத்தில் ஆற்றைக் கடக்கிற சுலோசன முதலியார் பாலத்தைப் பாருங்கள். 1843இல் தன் சொந்தப் பணத்தில் அதைக் கட்டிக் கொடுத்தவர், கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு மனிதர். ஆனால் பின்னால் வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி போனபோது அதைச் சரிசெய்ததும், பிறகு அகலப்படுத்தியதும் அரசாங்கம்தான்.

பாலமாவது வெள்ளம் வந்தால்தான் செலவு வைக்கும். நீச்சல் குளம் தினமும் செலவு வைக்கும். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்று ஒரு சிறு குளம் எடுத்துக்கொள்ளுங்கள். 3 லட்சம் லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் அடித்தால் 25 லாரி. நம் வெயிலுக்கு ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானாலும் 1,250 லிட்டர் போய்விடும். குளத்துத் தண்ணீர் முழுவதையும் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டி வழியாகச் சுற்ற வைக்க வேண்டும். அதற்கு மோட்டார் ஓட வேண்டும், கரண்டு பில் வரும். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் இருந்தாக வேண்டும். திறந்தவெளிக் குளத்தில் சித்திரை வெயில் அந்தக் குளோரினைச் சீக்கிரமே தின்றுவிடும். காலையில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் எவ்வளவு ஏறுகிறது என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கரையில் கண்ணை எடுக்காமல் நிற்கும் உயிர்காப்பாளர் வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும். உடை மாற்றும் அறையின் தாழ்ப்பாள் உடைந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் ஒரு பெண் பிள்ளையும் வராது.

இந்தத் தினச்செலவுக்குத்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை. தொகுதி நிதியில் கட்டடம் எழுப்பலாம், சம்பளமும் கரண்டு பில்லும் கட்ட முடியாது. கம்பெனிப் பணம் தொடர்பணி என்று வந்தாலும், தொடங்கிய ஆண்டை விட்டுவிட்டு மூன்று ஆண்டுகள்தான். அதற்குப் பிறகு?

எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர், நல்ல மனசுக்காரர், என்னிடம் சொன்னார்: "டீச்சர், கொளத்த நானே கெட்டித் தாரேன். நடத்துததுக்கு மட்டும் மாசச் சந்தா வச்சு, நம்ம ஆளுகளைக் கொண்டு ஒரு கமிட்டி போட்டுக்கிடுவோம்." நான் கேட்டேன்: "அண்ணாச்சி, அந்தச் சந்தா கெட்ட முடியாத பிள்ளைய யாரு உள்ள விடுவா? நம்ம ஆளுகன்னா யாரு?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது யோசிக்கணும் டீச்சர்" என்றார்.

என் வாதமே இதுதான். தினச்செலவைக் கொடுப்பவர் கையில்தான் வாசல் சாவி இருக்கும். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் பாருங்கள். முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை இவற்றை, அல்லது பொதுமக்களுக்கென்று ஒப்படைத்தவற்றை, மதம், சாதி, பாலினம், பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காக எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. தண்ணீரில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டதை அனுபவித்தவர்கள் எழுத வைத்த வரி அது. ஒரு பகுதியாவது பொதுப் பணம் இருந்தால், உள்ளே நுழைவது சலுகையாக இராது, உரிமையாகிவிடும். உறுப்பினர்களுக்கு மட்டும் என்று நடத்தும் குளத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிடும். சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கட்டிய கயிற்றைப் பார்த்துப் பிள்ளைகள் பிரிந்து உட்கார்ந்த வகுப்பறைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் ஒரே தண்ணீரில் ஒன்றாகக் கால் உதைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அதனால் கட்டுவதற்குத் தனியார் பணம் வரட்டும், இரு கை நீட்டி வாங்குவோம். கொடுத்தவர் பெயரைச் சுவரில் பெரிதாகவே எழுதுவோம். இடமும் நிர்வாகமும் பேரூராட்சி அல்லது மாநகராட்சியிடம் இருக்கட்டும். பராமரிப்புத் தொகை ஆண்டு பட்ஜெட்டில் தனிச் செலவினமாக வரட்டும். பெரியவர்களிடம் கட்டணம் வாங்கலாம், தப்பில்லை. பள்ளி நாட்களில் காலை நேரம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் ஒதுக்கப்பட வேண்டும். கொடுக்க மனமுள்ளவர்கள் கட்டடத்தோடு நிறுத்தாமல் ஒரு வைப்புத் தொகையும் போட வேண்டும். கோயிலுக்கு அணையாமல் எரியும் நந்தா விளக்கு கொடுத்த நம் முன்னோர், அது எரிய நெய்க்கு ஆடுகளையும் சேர்த்தே விட்டார்கள். அந்தக் கணக்கு கல்வெட்டிலேயே இருக்கிறது.

அரசு நடத்தினால் பாசி பிடித்துப் பூட்டிக் கிடக்கும் என்ற பயம் நியாயமானது. தண்ணீர்ப் பரிசோதனை முடிவைத் தினமும் வாசல் பலகையில் எழுதட்டும், பெற்றோர் குழு பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

இவ்வளவு செலவு தாங்காத சிற்றூர்களுக்கும் வழி இருக்கிறது. வங்கதேசத்தில் ஊர்க் குளத்துக்குள்ளேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டி, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களை வைத்துப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக் கொடுக்கிறார்கள். நம் சீமையில் ஊருக்கு ஊர் குளம் இருக்கிறது. தண்ணீர் சுத்தமாக நிற்கும் மாதங்களில் அதை இங்கேயும் செய்யலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, எந்தக் குளம், எந்த மாதம், பயிற்சியாளருக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்று மூன்றையும் கேட்டுத் தீர்மானமாக எழுத வையுங்கள். வணக்கம்.