கம்பஸ் கடிதம் கையில், பொடியன் கத்தாரில்! மட்டக்களப்பு, அம்பாறையில் என்ன நடக்கிறது?

(திரையில்: செங்கலடிச் சந்தி, காலை நேரம்)

உயர்தரப் பரீட்சை, அதான் ஏ.எல், பாஸ். கம்பஸுக்கு வேண்டிய வெட்டுப்புள்ளியும் தாண்டியாயிற்று. கம்பஸ் கடிதம், அதாவது பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், வீட்டுக்கு வந்துவிட்டது. பொடியன் எங்கே? பாஸ்போர்ட் போட்டோ எடுக்க ஸ்டூடியோவில் நிற்கிறான். இப்படி ஒருவனை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் எண்ணமில்லை" என்று பெரியவர்கள் சொல்வதை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. எண்ணமில்லாத ஊரில் விடிய முன்னம் ரியூசன் வாசலில் இவ்வளவு சைக்கிள் நிற்காது. பிள்ளைகள் கணக்குப் பார்க்கிறார்கள். அது என்ன கணக்கு என்பதுதான் இன்றைய வீடியோ.

முதலில் பின்னணி, ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1945 முதல் இந்த நாட்டில் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். ஆனால் தகுதி பெறுகிறவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குத்தான் இடம். பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நம் இரண்டு மாவட்டமும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. வெட்டுப்புள்ளிக்கு அடிப்படையான இசட் புள்ளியை எப்படிப் போடுகிறார்கள் என்பதற்குத் தனி வீடியோ வேண்டும், இன்றைக்கு விடுங்கள்.

சரி, வயதுக் கணக்கு. முதல் தடவையே சரிவந்தால் பத்தொன்பது வயது. மூன்றாம் ஷையில், அதாவது மூன்றாம் தடவையில், கிடைத்தால் இருபத்தொன்று. பரீட்சை எழுதிக் கம்பஸ் வாசலை மிதிக்க ஒரு வருடம், சில நேரம் அதற்கும் மேலே. சிறப்புப் பட்டம் நாலு வருடம். வெளியே வரும்போது இருபத்தாறு. அப்புறம் நியமனத்துக்குக் காத்திருப்பு. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்தார்களே, அதைப் பார்த்துக்கொண்டு ரியூசனுக்குப் போன பிள்ளைகள்தான் இன்றைக்கு முடிவெடுக்கிறார்கள். 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுநராக எடுத்தபோது கொடுத்த மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். அதை ஒரு நல்ல மேசன் அரை மாதத்தில் எடுத்துவிடுவார்.

இனி நான் பேச ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். வீடியோவை ஸ்கிப் பண்ணுகிறவர்கள் இங்கே வந்து நில்லுங்கள்.

(திரையில்: லிண்டல் மட்டத்தில் நிற்கும் வீடு)

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் பாருங்கள், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றிலும் பாருங்கள். சுவர் லிண்டல் வரை எழும்பியிருக்கும், தூண்களில் கம்பி வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும், அறைக்குள் புல் முளைத்திருக்கும். யாருடைய வீடு என்று கேட்டால் மகளுடையது என்பார்கள். மகளுக்கு வயது பதினாறாக இருக்கும்!

கிழக்கில் தமிழரோ முஸ்லிமோ, கலியாணம் கட்டினால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். வீட்டைக் கட்டிக் கொடுப்பது பெண் வீட்டார் கடமை. அம்மா இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவும் அப்பாவும் அதே வளவில் பின்பக்கம் சின்னதாக ஒன்று போட்டுக்கொள்வார்கள். இரண்டாவது மகள் இருந்தால் இரண்டாவது வீடு. மூன்று மகள் என்றால் அந்தத் தகப்பனைப் பார்த்து ஊரே பெருமூச்சு விடும்.

அந்தக் கம்பிக்கு மேல் கொங்கிரீட் போடுவது யார்? அண்ணன்தான். கம்பஸ் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மகாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதம் 7,500 ரூபாயாகக் கூடியது. அன்றைய விலைக்கு அதில் மூன்று, நாலு பை சீமெந்து வாங்கலாம். போர்டிங் காசு, பஸ் காசு எல்லாம் அதற்குள் என்றால் அந்தச் சீமெந்தும் இல்லை. வீட்டில் யாரும் "கம்பஸ் போகாதே" என்று சொல்வதில்லை. சாப்பாட்டு நேரத்தில் உம்மா, "தங்கச்சிக்கும் வயசாகுது மகன்" என்பார், அவ்வளவுதான். அடுத்த கிழமை அவன் ஏஜென்சிக்காரரின் நம்பர் தேடுகிறான்.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் என்ன தெரியுமா? அவன் அனுப்பும் காசில் தங்கச்சி கம்பஸ் போகிறாள். நாட்டின் பல்கலைக்கழகங்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்தான். தரகர்மாரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பெண்ணுக்கு வீடும் கேட்கிறார்கள், டிகிரியும் கேட்கிறார்கள். மாப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் "விசா இருக்கு" என்கிறார்கள்.

என்னைக் கேட்டால், பெண் பெயரில் வீட்டு உறுதிப்பத்திரம் இருப்பது நல்ல வழமை, அதை விடக்கூடாது. ஆனால் மாப்பிள்ளையும் பாதிச் செலவைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? கமெண்டில் ஏசுங்கள், பரவாயில்லை.

தூரமும் ஒரு பிரச்சினை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமாக மாறிய கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இரண்டும் வாசலில் இருக்க, நம் பிள்ளைக்குத் தெற்கே மாத்தறையில் இருக்கும் றுகுணைப் பல்கலைக்கழகம் கிடைக்கும், மாத்தறைப் பிள்ளை வந்தாறுமூலைக்கு வரும். பகிடிவதைப் பயம் வேறு.

நடுவில் ஒரு கூட்டம் சத்தமில்லாமல் வேறு பக்கம் போகிறது. தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளில் மூன்று வருடம், அதில் கடைசி வருடம் பாடசாலையிலேயே பயிற்சி, முடிய ஆசிரியர் நியமனம். அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா. தேசிய தொழில் தகைமை, அதான் என்.வி.கியூ, வழியில் போனால் 7ஆம் மட்டம் பட்டத்துக்குச் சமம். ஆனாலும் கலியாணப் பேச்சில் "பிள்ளை என்.வி.கியூ" என்று சொல்ல ஒரு தாய்க்கும் வாய் வருவதில்லை. ஏசி பழுதானால் மட்டும் அந்தப் பிள்ளையைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள்.

கடிதம் வந்தும் போகாதவர்கள் இருந்தால், அந்த முடிவை வீட்டில் எடுத்தது யார் என்று எழுதுங்கள். தங்கச்சிமார் விரிவாக எழுதுங்கள். அண்ணன்மாரே, நீங்கள் "நான்தான்" என்று ஒரு சொல்லில் முடிப்பீர்கள் என்று தெரியும், அதையாவது எழுதுங்கள்.