பையன் முதலில் பார்ப்பது யார் முகத்தை?

நடுவர் அவர்களே, கோத்தகிரி மக்களே, வணக்கம். விளையாடும் பிள்ளைகளின் நடத்தையைத் தீர்மானிப்பது பயிற்சியாளரா, ஊர் வழக்கமா? பயிற்சியாளர்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி கேட்டார்: "சின்ன வயதுப் பிரிவில் ஆடவைக்க ஊரே வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்குகிறது, கோச் ஒருவர் என்ன செய்ய முடியும்?" சரி, அதையே எடுத்துக்கொள்வோம். 2015இல், முன்னாள் கிரிக்கெட் கேப்டன் பட்டோடியின் நினைவு உரையில் ராகுல் திராவிட் இந்த வயது மோசடியைப் பற்றித்தான் மனம் நொந்து பேசினார். அப்போது அவரே 19 வயதுக்கு உட்பட்ட இந்திய கிரிக்கெட் அணியின் பயிற்சியாளர். பெற்றோரும் பயிற்சியாளரும் கண்ணெதிரே பொய்ச் சான்றிதழ் தயாரிப்பதைப் பார்க்கும் பிள்ளை ஏமாற்றத்தானே கற்றுக்கொள்ளும் என்றார். ஊர் வழக்கம் தானாக வந்து படிவத்தை நிரப்புவதில்லை, ஐயா. "இந்தத் தேதியைப் போடு" என்று ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளி கால்பந்து ஆட்டம். மூடுபனி இறங்கி எதிர்க்கோடே தெரியவில்லை. பந்து கோட்டைத் தாண்டிப் போனது. ஒரு பையன் அதை உள்ளே இழுத்து அடித்துக் கொடுக்க, கோல். விசில் ஊதிவிட்டார்கள். எல்லாரும் குதிக்கிறார்கள், அந்தப் பையன் மட்டும் குதிக்கவில்லை. திரும்பி, பயிற்சியாளர் சாரைப் பார்த்தான். "வெளியே போச்சாடா?" என்றார். தலையாட்டினான். சாரே நடுவரைக் கூப்பிட்டுச் சொன்னார். கோல் போனது, ஆட்டமும் போனது. வேலியோரம் நின்ற பெற்றோர் சாரைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது.

கவனியுங்கள், ஊர் முழுக்க ஒரு பக்கம், சார் ஒருவர் மறுபக்கம். யாரை இறக்குவது, யாரை வெளியே உட்கார வைப்பது என்பது அவர் கையில்தானே இருக்கிறது? பிள்ளைகள் அறிவுரையைவிட அந்தப் பட்டியலைத்தான் கூர்ந்து படிக்கிறார்கள். முரட்டாட்டம் ஆடியவனைத் தட்டிக்கொடுத்து மறுபடி இறக்கும் கோச்சும் பாடம்தான் நடத்துகிறார்.

அடுத்த வாரம் பட்டியலில் முதல் பெயர் அந்தப் பையனுடையது. அன்று பந்து அவன் கையில் உரசியது; நடுவர் பார்க்கவில்லை. விளையாடு, விளையாடு என்று கூட்டம் கத்தியது. அவன் நின்று, கையை உயர்த்தினான். இந்த முறை சாரைத் திரும்பிப் பார்க்கவில்லை.