ஏங்கியது ஜாகுவாருக்கு, ஓட்டியது பீட்டில்

வணக்கம் நண்பர்களே. பழைய கார்களைப் பற்றிப் பேசுங்கள் என்று பலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இன்று கேமராவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் பின்னால் வண்டி எதையும் தேடாதீர்கள், அதை விற்று வெகுகாலம் ஆகிறது. இன்றைக்குப் பேச்சு மட்டும்தான்.

கார் பைத்தியம் பிடித்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வண்டிகள் உண்டு. ஒன்று கண்ணுக்கு, மற்றொன்று கைக்கு. என் கண்ணில் குடியிருந்தது 1961இல் ஜெனிவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப். அதன் உடலை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிலில் இருந்து வந்தவர். வண்டியைப் பார்த்தாலே அது தெரியும். ஒருமுறை நேரில் பார்த்தபோது அதன் பானெட்டைத் திறந்தார்கள். மட்கார்டு, முகப்பு விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்தது. உள்ளே நீளவாட்டில் ஆறு சிலிண்டர் இன்ஜின். என்னை உட்கார விடவில்லை. நியாயம்தான், நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

சிட்ரோயன் டிஎஸ் என்ற பிரெஞ்சுக் கார் மீதும் ஒரு மயக்கம் உண்டு. இன்ஜினைக் கிளப்பியதும் அதன் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன், ஒட்டகம் எழுவதுபோல் பின்புறத்தை முதலில் தூக்கி வண்டியை நிமிர்த்தும். 1955இல் அப்படி ஒன்றைச் செய்தார்கள் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை.

சரி, கைக்கு வந்தது? ஃபோக்ஸ்வேகன் பீட்டில். 1950களின் கடைசியில் செய்த வண்டி. இன்ஜின் பின்னால், ரேடியேட்டரே கிடையாது, காற்றுதான் குளிர்விக்கும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள்ளும் கிடையாது! ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று விக்கும். உடனே காலடியில் இருக்கும் சிறிய திருகைப் பாதத்தால் திருப்ப வேண்டும். டேங்கின் அடியில் மிச்சம் வைத்த சுமார் 5 லிட்டர் அப்போதுதான் இறங்கும். நிரப்பிய பிறகு திருகைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தவர்கள் கதை வேறு, அடுத்த முறை விக்கும்போது மிச்சமே இருக்காது.

திரும்பும்போது விளக்கு மினுக்காது. கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கை ஒன்று 'டக்' என்று வெளியே நீளும். வயதான வண்டிகளில் அந்தக் கை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தூணில் ஒரு குத்து விட்டால் வெளியே வரும். கதவைச் சாத்துவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். உள்ளே காற்று அடைபடும் அளவுக்கு இறுக்கமான கட்டுமானம். கண்ணாடியைச் சற்று இறக்கினால்தான் கதவு ஒழுங்காகப் படியும்.

முதல் கியரில் சிங்க்ரோமெஷ், அதாவது கியர்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போகச் செய்யும் அமைப்பு, இல்லை. மேட்டில் வேகம் குறைந்து முதல் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தி, மறுபடி கிளட்சை மிதிக்க வேண்டும். இன்ஜினின் சத்தம் சரியான சுருதிக்கு வந்ததும் கியர் வெண்ணெயாக விழும். தவறினால் பல் நறநறக்கும், பக்கத்தில் இருப்பவர் நம்மைப் பார்ப்பார். எனக்கு அந்த வண்டியின் நினைவு என்றால் அதன் வளைந்த முதுகு அல்ல. காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டிய அந்த மேடுதான்.

அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். 6 வோல்ட் விளக்கின் மங்கலான வெளிச்சத்தில் இரவில் ஓட்டியவர்கள் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். சீட் பெல்ட்டும் இல்லை. என் குழந்தைகளை இன்று அதில் ஏற்றி நெடுந்தூரம் போகச் சொன்னால் தயங்குவேன்.

பீட்டில் 2003 ஜூலை வரை மெக்சிகோவில் தயாரானது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். அதனால் தேடினால் இன்னும் கிடைக்கிறது. வாங்க நினைப்பவர்கள் பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், முதலில் பின் இருக்கையைத் தூக்கிப் பாருங்கள். பேட்டரி அதன் அடியில்தான் இருக்கிறது. அமிலம் கசிந்து அந்தத் தரை துருப்பிடித்திருக்கும். அங்கே விரலால் அழுத்தித் தகடு உள்வாங்கினால், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.