இரத்தம் கசியாத ஈறு

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பல் துலக்கும்போது இரத்தம் வந்தால்தான் ஈறு நோய் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். புகைபிடிப்பவரிடம் இந்த அடையாளத்தை நம்ப முடியாது. பற்களைச் சுற்றிப் படியும் கிருமிப் படலத்தை எதிர்க்க உடல் அங்கே இரத்த ஓட்டத்தைப் பெருக்குவதால்தான் ஈறு சிவந்து, வீங்கி, பிரஷ் பட்டாலே கசிகிறது. நிக்கோட்டின் நுண்ணிய இரத்த நாளங்களைச் சுருக்குகிறது. நெடுநாள் புகைப்பவரின் ஈற்றில் இந்த எதிர்ப்பே மங்கிவிடுகிறது. ஈறு வெளிறித் தடித்து, பார்வைக்கு உறுதியாகவே இருக்கும். அதனடியில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். வலியும் பெரும்பாலும் இராது. எனவே பலர் பல் ஆடத் தொடங்கிய பிறகே சிகிச்சைக்கு வருகிறார்கள்.

அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை எடுக்கப்பட்ட தேசிய உடல்நலக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, புகைபிடிப்போருக்கு எலும்பைக் கரைக்கும் ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவரைவிட ஏறத்தாழ 4 மடங்கு என்று கண்டது. “சிகரெட் இல்லை, பீடிதான்” என்று ஆறுதல் கொள்வோர் நம் ஊரில் உண்டு. பீடியிலும் நிக்கோட்டினும் தாரும் குறைவில்லை. இந்தியாவில் சிகரெட்டைவிடப் பீடி புகைப்போரே அதிகம் என்பதை 2016-17 தேசியக் கணக்கெடுப்பு காட்டியது.

சிகிச்சையிலும் இதே தடைதான். பல்லில் இறுகிப் படிந்த காரையை அகற்றி, பல்வேரைச் சுத்தம் செய்தால் ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே விழுந்த பள்ளத்தின் ஆழம் குறைய வேண்டும். கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் சரிவர இயங்காமலும், திசுவை மீண்டும் கட்டும் செல்கள் வேரில் ஒழுங்காக ஒட்டாமலும் போவதால், புகைப்பவரிடம் அது குறைவாகவே குறைகிறது. ஈற்று அறுவை, எலும்பை மீட்கும் சிகிச்சை ஆகியவற்றின் பலனும் மட்டுப்படுகிறது; பெருஞ்செலவில் தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்வேரான இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பும் கூடுகிறது. வீரியமான மாத்திரை எழுதித் தரச் சொல்பவர்களும் உண்டு. புகை தொடரும்வரை எந்த மாத்திரையும் இதை ஈடுகட்டிவிடும் என்று நான் கருதவில்லை.

புகையை விட்ட சில வாரங்களில், அதுவரை கசியாத ஈறு கசியத் தொடங்கலாம். விட்டதால்தான் கெட்டது என்று அஞ்சி மீண்டும் பற்றவைத்துவிடாதீர்கள்; மங்கியிருந்த இரத்த ஓட்டமும் எதிர்ப்பும் திரும்புவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அந்தக் கசிவுக்குக் காரணமான நோயைத் தீர்க்க மருத்துவரிடம் போக வேண்டியது அப்போதுதான். கரைந்த எலும்பு தானாக வளராது. ஆனால் கரைவதன் வேகம் தணிகிறது, சிகிச்சைக்கு ஈறு ஒத்துழைக்கிறது. மேற்சொன்ன ஆய்விலேயே, விட்டு 11 ஆண்டுகளைக் கடந்தவர்களின் ஆபத்து, புகைக்காதவர்களின் நிலையை ஏறக்குறைய எட்டியிருந்தது.

புகைப்பவர்கள், பல் மருத்துவரிடம் பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பள்ளத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். தேவையெனில் எக்ஸ்ரேயும் எடுக்கட்டும். விட உதவி வேண்டுவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.