ஆறு நிமிடப் பந்தயக்காரர், ஐம்பது நாள் கடல்: ஜேம்ஸ் கிராக்னெல்

[திரையில்: ஏதென்ஸ் 2004, எல்லைக்கோட்டில் இரண்டு படகு முனைகள்]

ஒலிம்பிக் துடுப்புப் படகுப் போட்டி, காக்ஸ் (துடுப்புப் போடாமல் படகைத் திருப்பி வழிநடத்துபவர்) இல்லாத நால்வர் பிரிவு. பிரிட்டன் 6:06.98. கனடா 6:07.06. நடுவில் இருப்பது 0.08 விநாடி. ஜெயித்த நால்வரில் ஒருவர் ஜேம்ஸ் கிராக்னெல். 1996 அட்லாண்டாவில் டான்சில் வீக்கத்தால் படகில் ஏறாமலே திரும்பியவர், 2000 சிட்னியில் இதே பிரிவில் ரெட்கிரேவ், பின்சென்ட், ஃபாஸ்டரோடு சேர்ந்து தங்கம் வாங்கியிருந்தார்.

[திரையில்: பந்தயப் படகு, பக்கவாட்டில்]

இந்தப் படகின் எடை 50 கிலோதான். இருக்கை சக்கரத்தில் ஓடும். காலால் உதைப்பதில்தான் பெரும்பலம். கை கடைசியில்தான் இழுக்கும். காக்ஸ் கிடையாது, அதனால் ஒருவர் ஷூவைத் திருப்பியே சுக்கானை இயக்குகிறார். நான்கு துடுப்பும் ஒரே கணத்தில் நீரைத் தொடாவிட்டால் படகு சாயும். சாய்ந்தால் அடுத்த இழுப்பும் கெடும்.

[திரையில்: அட்லாண்டிக் வரைபடம், கேனரித் தீவுகளில் உள்ள லா கோமேராவிலிருந்து கரீபியனில் உள்ள ஆன்டிகுவா வரை]

2005 இறுதியில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் பென் ஃபோகிளோடு அட்லாண்டிக்கைத் துடுப்புப் போட்டுக் கடக்கும் போட்டிக்குக் கிளம்பினார். ஃபோகிளுக்குத் துடுப்புப் பந்தய அனுபவமே கிடையாது. கிராக்னெல்லின் நேர்த்தியும் இங்கே பாதிதான் உதவும். அலை ஒரு பக்கத்தைத் தூக்கினால் அந்தத் துடுப்பு காற்றைத்தான் வெட்டும். முழு பலத்தோடு உதைத்திருந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். அதனால் இழுப்பைக் குட்டையாக்கி, வேகத்தைக் குறைத்து, முறை வைத்து மாற்றி மாற்றி இரவும் பகலும் போட வேண்டும்.

முதலில் பழுதாவது தோல்தான். உப்பு காய்ந்து மணலாகி, துணியோடு சேர்ந்து தொடையை அறுக்கும். முறை முடிந்ததும் கொஞ்சம் நல்ல தண்ணீரில் துடைத்து, நன்றாக உலர்த்த வேண்டும். பல கடல் துடுப்பர்கள் துணியே இல்லாமல் துடுப்புப் போடுவது இதனால்தான்.

[திரையில்: படகின் குறுக்கு வெட்டு, அடியில் தண்ணீர் கேன்கள்]

இங்கே கொஞ்சம் நிற்போம். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி சூரியத் தகடு தரும் மின்சாரத்தில் ஓடுகிறது. மேகம் மூடினால் பேட்டரி இறங்கும், தண்ணீரும் நிற்கும். அடியில் கேன்களில் தண்ணீர் இருக்கிறதே, குடித்தால் என்ன? அதுதான் படகின் அடிபாரம். கீழே கனம் இருந்தால்தான் கவிழ்ந்த படகு தானே நிமிரும். அதைக் குடித்தால் படகு லேசாகி வேகமும் கூடும்; அதனால் போட்டி விதியில் அதற்குத் தண்டனை உண்டு.

49 நாள், 19 மணி நேரத்தில் இருவர் படகுகளில் முதலில் கரை சேர்ந்தது இவர்கள்தான். ஆனால் அடிபாரத் தண்ணீரைக் குடித்ததால் இரண்டாம் இடம். கடுமையான விதிதான், ஆனாலும் நியாயமானது.

தென்துருவப் பந்தயத்தை வேகமாகக் கடந்துவிடுவோம்: 2009 தொடக்கத்தில் ஃபோகிள், எட் கோட்ஸோடு, நார்வே அணிக்கு அடுத்து இரண்டாவது.

[திரையில்: அரிசோனா நெடுஞ்சாலை]

2010 ஜூலை. அமெரிக்காவைக் கடக்கும் பயணத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, வின்ஸ்லோ அருகே ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி பின்னாலிருந்து தலையில் அடித்தது. ஹெல்மெட் இருந்ததால் உயிர் தப்பினார். சேதம் மூளையின் முன்மடலில். திட்டமிடுவதும் கோபத்தை அடக்குவதும் அந்தப் பகுதியின் வேலை. கை கால் தேறிய பிறகும் அந்தக் குறை தொடரும், வெளியே தெரியாது. வலிப்பு நோயும் சேர்ந்துகொண்டது.

[திரையில்: தேம்ஸ் நதி, பட்னியிலிருந்து மோர்ட்லேக் வரை]

2019 ஏப்ரல். லண்டனில் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் மோதும் படகுப் பந்தயம், 6.8 கிலோமீட்டர். கேம்பிரிட்ஜ் எண்மர் படகில் மனிதப் பரிணாமம் படிக்கும் 46 வயது மாணவர் ஒருவர்: கிராக்னெல். இந்தப் பந்தயத்தில் அந்த வயதில் அதுவரை யாரும் துடுப்புப் போட்டதில்லை. கேம்பிரிட்ஜ் ஒரு படகு நீளத்தில் ஜெயித்தது.