உறை ஊற்றிய பாலும் சனியின் வளையமும்

அனைவருக்கும் வணக்கம். பாலில் உறை ஊற்றி மூடி வைக்கிறோம். நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் பால் பாலாகத்தான் இருக்கிறது. அப்புறம் வந்து பார்த்தால் தயிர். இடைப்பட்ட 'பாதித் தயிரை' எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இந்தத் திடீர்த்தனத்துக்கு ஒரு கணக்கு உண்டு.

அதைத் தொடங்கியவர் போலந்து இயற்பியலர் மரியான் ஸ்மோலுகோவ்ஸ்கி, ஆண்டு 1916. தங்க நுண்துகள் மிதக்கும் சிவப்பு நீரில் உப்பைப் போட்டால் நீலமாகிவிடும், துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு துகளாகத் துரத்தினால் ஆயுள் போதாது. அவர் துரத்தவில்லை, எண்ணினார். ஒற்றையாக எத்தனை, இரட்டையாக எத்தனை, மும்மூன்றாக எத்தனை? ஐந்து துகள் கொத்துக்கு வரவு, ஒன்றும் நான்கும் சேர்வது, இரண்டும் மூன்றும் சேர்வது. செலவு, அந்தக் கொத்து வேறு எதனோடாவது ஒட்டிக்கொள்வது. மளிகைக்கடை நோட்டுதான், பக்கங்களுக்குத்தான் முடிவில்லை.

எந்த இரண்டு கொத்தும் சேர ஒரே வாய்ப்பு என்று வையுங்கள். முதல் நிமிடத்தில் மொத்த எண்ணிக்கை பாதியானால், அடுத்த பாதிக்கும் ஒரு நிமிடம் என்றுதானே தோன்றும்? இல்லை, இரண்டு நிமிடம். அதற்கடுத்ததற்கு நான்கு. கூட்டம் குறையக் குறையச் சந்திப்பும் குறைகிறது. பெரிய கொத்து அகலமானது, எளிதில் மோதும். ஆனால் மந்தமாக நகரும். இவை ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்வதால் தங்கத்துக்கு இந்த அனுமானம் பொருந்துகிறது. நம்ம சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலர் சந்திரசேகரும் 1943இல் எழுதிய நெடிய கட்டுரையில் இதற்கு இடம் கொடுத்தார்.

சரி, தயிர்? ஒவ்வொரு துகளுக்கும் பல கைகள். எந்தக் கையும் எந்தக் கையையும் பிடிக்கலாம். அப்போது சேரும் வாய்ப்பு இரு கொத்துகளின் அளவுகளைப் பெருக்கியதாகிறது. பெரியது இன்னும் வேகமாகப் பெருக்கிறது. கணக்கிட்டுக்கொண்டே போனால் குறிப்பிட்ட ஒரு நொடிக்குப் பிறகு நோட்டில் துண்டு விழுகிறது! எல்லாப் பக்கங்களையும் கூட்டினாலும் மொத்த நிறை வருவதில்லை. திருட்டு இல்லை, விடுபட்ட நிறையெல்லாம் எந்தப் பக்கத்திலும் அடங்காத ஒரே பெருங்கொத்தில் இருக்கிறது. களி (ஜெல்) உறைவது இப்படித்தான். பால் இதைவிடச் சிக்கலானது, ஆனால் அந்தத் திடீர்த்தனம் இதே இனம்.

உடைவதையும் சேர்த்தால் நோட்டில் இன்னும் இரண்டு வரி: பெரியது உடைந்து வந்த வரவு, தானே உடைந்த செலவு. இதைப் பார்க்கச் சனிக்கோளுக்குப் போக வேண்டும். அதன் வளையங்களில் சில சென்டிமீட்டரிலிருந்து சுமார் 10 மீட்டர் வரை பனிக்கட்டிகள். மெதுவாக மோதினால் ஒட்டும், வேகமாக மோதினால் நொறுங்கும். வாயேஜர் விண்கல அளவீடுகளின்படி அவற்றின் எண்ணிக்கை ஆரத்தின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்கில் குறைகிறது, அதாவது ஆரம் இரட்டித்தால் எண்ணிக்கை சுமார் எட்டில் ஒன்று. 10 மீட்டரைத் தாண்டினால் சட்டென்று விழுகிறது. 2015இல் ஆய்வாளர் பிரிலியான்டோவும் உடனாளர்களும் ஒட்டுதல், நொறுங்குதல் சமநிலையிலிருந்தே இரண்டையும் வருவித்தார்கள். உடையும் விதத்தை மாற்றிப் போட்டாலும் அந்த அடுக்கு 2.75க்கும் 3.5க்கும் நடுவில்தான் நிற்கிறது.

கரும்பலகையைச் சற்று நேரம் அழிக்க வேண்டாம். அந்த 'துண்டு விழும்' நொடியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாராவது கேட்பீர்கள்.